நல்லாருக்கேன் என்று சொன்ன அந்தோணி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்க பாய் என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒரு பொண்ணுதான் எழுதுகிறாள். என் பேச்சை நேராக்கி எழுதிக்கொள்கிறேன் என்றாள். ஆகட்டும். ஆனால் நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன், அதை நேராக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என்னை இந்த ஊரில் ஐஸ்பெட்டி பாய் என்றால்தான் தெரியும். எங்க அத்தா தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். எனக்கு அந்த வாடை ஆகாது என்று சின்னதிலேயே ஓடி வந்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டினேன். மார்க்கெட் ஆட்டோ என்றால் லேசுப்பட்டதில்லை. விடிவதற்குள் மூட்டையை இறக்கவில்லை என்றால் பூ வாடிவிடும், கமிஷன் கடைக்காரர் வாயில் வராத வார்த்தை வரும். அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு டாக்டரம்மா வந்தார். இளைப்பு, தும்மல், தோல் தடிப்பு இதெல்லாம் ஏன் ஒருத்தருக்கு வருது, ஏன் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதில்லை என்று ஆராய்ச்சி. ரத்தத்தில் ஆன்டிபாடி என்று ஒன்று இருக்கிறதாம், அதற்கும் இளைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க ஊர் ஊராய் ரத்தம் எடுக்க வேண்டும். தெரு தெரிந்த ஆள் வேண்டும், எடுத்த ரத்தத்தைக் கெடாமல் கொண்டு வர வேண்டும். கெடாமல் கொண்டு வருவதுதானே என் பிழைப்பே. மூட்டையில் பூவுக்குப் பதில் ஐஸ்பெட்டியில் ரத்தம் என்று போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே டாக்டரம்மா ஒன்று சொன்னார். "பாய், இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. கொடுத்தவங்களுது. ஒரு வீட்டுச் சமாச்சாரத்தை இன்னொரு வீட்டுல பேசக் கூடாது. ஒரே வீட்டுக்குள்ள இருந்தாலும், புருசனைப் பத்திப் பொஞ்சாதிகிட்ட நாம சொல்லக் கூடாது. அவங்கவங்க வாயால சொல்லிக்கிடட்டும்." சரிம்மா என்றேன். அது எவ்வளவு கனமான பேச்சு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்தோணி கதைக்கு வருவதற்கு முன்னால் வேடசந்தூர் பக்கம் ஒரு எட்டு போய் வந்துவிடுகிறேன். அங்கே நூல் மில்லில் வேலை பார்க்கும் பொண்ணுகளுக்கு ஒரு முகாம் போட்டோம். தோல் டெஸ்ட் உங்களுக்கே தெரியும். முன்கையில் வரிசையாகத் துளி துளியாக வைத்து, ஒவ்வொரு துளிக்கும் ஊசி முனையால் லேசாகக் குத்துவது. பஞ்சுத் தூசி ஒரு துளி, கரப்பான் ஒரு துளி, பார்த்தீனியச் செடி ஒரு துளி. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் கொசு கடித்த மாதிரி தடிக்கும். இது போக ரெண்டு துளி காவலுக்கு. ஒன்று வெறும் உப்புத்தண்ணி. அது தடிக்கவே கூடாது. இன்னொன்று மருந்து, அது யார் கையிலும் கட்டாயம் தடிக்க வேண்டும்.

மில் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தலை வாரி, முகம் கழுவி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி. டெஸ்ட் வைத்தால் ஒருத்தி கையிலும் ஒன்றும் தடிக்கவில்லை. கட்டாயம் தடிக்க வேண்டிய துளி கூடத் தடிக்கவில்லை. டாக்டரம்மா மருந்துக் குப்பியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். கடைசியில் ஒரு அக்கா சிரித்துக்கொண்டே சொன்னது, "டாக்டருமாருக வாரீகன்னு சொன்னாக. உங்க முன்னாடி மூக்கை உறிஞ்சிக்கிட்டா நிக்கிறது? அதான் எல்லாருமா தும்மல் மாத்திரையைப் போட்டுட்டு வந்துட்டோம்."

தும்மல் மாத்திரை போட்டால் தோல் தூங்கிப் போகும். முகாம் அன்றைக்கு வீண். டாக்டரம்மா கோபப்படவில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினதும் என்னிடம் சொன்னார்: "மரியாதைக்காக நோயை மறைச்சுட்டு வர்ற ஊரு பாய் இது. நாம இன்னும் கத்துக்கணும்."

இப்போது அந்தோணி.

பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் அந்தோணி, மேரி என்று புருசன் பொஞ்சாதி. பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அந்தோணிக்குக் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் வேலை. பெரிய அண்டாவை ஒற்றை ஆளாய் உருட்டுவார், ஆனால் மாடிப்படி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும். மேரி பூக்கட்டுகிறவர். விடியற்காலையில் மார்க்கெட்டில் மல்லியை எடுத்து வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கட்டிக் கடைகளுக்குக் கொடுப்பார். அந்த அம்மா பூக் கட்டுவதைப் பார்த்தால் விரல் தெரியாது, சரம் மட்டும் நீண்டுகொண்டே வரும். வாயும் அப்படித்தான். நான் ஆட்டோ ஓட்டின காலத்திலிருந்து பழக்கம்.

டெஸ்டுக்கு அந்தோணியை இழுத்துக்கொண்டு வந்ததே மேரிதான். துளி வைக்க வைக்க, "இது என்ன தம்பி? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொழிலுக்கு ஏற்ற மாதிரி அன்றைக்கு மல்லிப் பூவின் மகரந்தமும் ஒரு துளி வைத்தோம். அதையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டார். செத்த நேரத்தில் பார்த்தால் அந்தோணி கை முழுக்கத் தடிப்பு. வைத்த துளி எல்லாம் தடித்திருக்கிறது. மல்லி வைத்த இடமும்தான்.

டெஸ்ட் வைத்த தம்பி உடனே சொல்லிவிட்டான். "அம்மா, உப்புத்தண்ணி வச்ச இடமும் தடிச்சிருக்கு. இவர் தோல் எதைக் கொண்டு குத்துனாலும் தடிக்கிற தோல். இந்த டெஸ்ட் செல்லாது. ரத்தத்துல பார்த்தாத்தான் சரியாத் தெரியும்."

அவன் சொன்னது சுத்தமான உண்மை. ஆனால் மேரி அந்தோணியின் கையைப் பிடித்தபடி மல்லி வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தம்பியைப் பார்த்து, "நீ நல்ல பிள்ளையப்பு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. நம் ஊரில் ஒருவர் உண்மையைச் சொன்னால் கேட்கிறவர் அப்படிப் பதில் சொல்ல மாட்டார். ஆறுதல் சொன்னால்தான் அப்படிச் சொல்வார்.

ரெண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தோம். நோயாளி ரத்தத்தோடு ஒப்பிட, அதே வீட்டில் நோயில்லாத ஒருவர் ரத்தமும் வேண்டும். "என் ரத்தம் எதுக்குப் பாய், நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார் மேரி. சிரிப்பு மட்டும் வரவில்லை.

லேபுக்கு ரத்தம் மொத்தமாகச் சேர்ந்த பிறகுதான் போகும். முடிவு வர நாளாகும். அதற்குள் மேரி வீட்டை விட்டுப் போய்விட்டார்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. தாடிக்கொம்பில் அண்ணன் வீடு. பூக்கூடையும் ரெண்டு சேலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மார்க்கெட்டில் மறித்துக் கேட்டேன்.

"என்னம்மா இது? அதான் டெஸ்ட் செல்லாதுன்னு தம்பி சொன்னான்ல?"

"அவன் ஆறுதலுக்குச் சொல்றான் பாய். எனக்குத் தெரியாதா? இம்புட்டு வருசமா என் கையால சோறு போட்டுட்டு, அதே கையால அவரு மூச்சை அடைச்சிருக்கேன்."

"பூவை வெளிய வச்சுக் கட்டுங்க. வீட்டுல ஏன் இருக்கக் கூடாது?"

"பூ என்ன கூடையிலயா இருக்கு? என் தலையில, சேலையில, நகக் கண்ணுல இருக்கு. நான்தான் பாய் பூ."



பிழைப்புக்கு மார்க்கெட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும். அந்தோணியின் கடையும் அதே ரோட்டில். காலையில் மேரி பஸ் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நிற்கும் புருசனுக்குப் போன் அடிப்பார். நடுவில் பஸ்ஸும் லாரியும் போகும். முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் பேசிக்கொள்வார்கள். தூக்குவாளியில் குழம்பு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எல்லாம் ஷேர் ஆட்டோவில் வந்துவிடும். தூக்குவாளிப் பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் அனுப்புவாராம், பூ வாடை ஒட்டக் கூடாது என்று. அந்தோணி என்னிடம் சொன்னார்.  "குழம்புல சோப்பு வாடை அடிக்குது பாய். அவகிட்ட எப்படிச் சொல்ல?" என்றார்.

தினமும் மேரி கேட்பது ஒரே கேள்வி. "எப்படி இருக்கீக?" அந்தோணி சொல்வது ஒரே பதில். "நல்லாருக்கேன்." ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு சொல்வார். எல்லாரும் சொல்கிறதுதான். கேட்கிறவர் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறது. ஆனால் அந்த ஒரு பதில்தான் மேரியைத் திரும்ப வர விடாமல் தாடிக்கொம்பிலேயே கட்டிப் போட்டிருந்தது. 'நான் இல்லாததால்தான் அவர் நன்றாக இருக்கிறார்' என்று அந்த அம்மா மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. உள்ளபடிக்கு அந்தோணிக்கு இளைப்பு குறையவே இல்லை. மேரி போன வருத்தத்தில் இன்ஹேலர் குழாய் மருந்தையும் ஒழுங்காக உறிஞ்சவில்லை. அந்தக் குழாயை எடுத்தால் பழகிப் போய்விடும் என்று வேறு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம். டாக்டரம்மா வரச் சொன்ன தேதியைச் சொல்ல நான் அந்தச் சந்துக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. அந்தோணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னேன். உறிஞ்சினார். இளைப்பு மசியவில்லை.

அப்போது போன் அடித்தது. மேரி. அந்தப் பழைய போனில் எதிர்ப்பக்கம் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும்.

"சாப்டீகளா?"

அந்தோணி போனை உள்ளங்கையால் பொத்தி ஒரு மூச்சு வாங்கினார். கையை எடுத்து, "சாப்ட்டேன்" என்றார். மறுபடி பொத்தி ஒரு மூச்சு.

"என்ன இழுத்து இழுத்துப் பேசுறீக?"

"வாயில... வெத்தல."

அந்த மனுசன் வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை.

"நல்லா இருக்கீகளா?"

பொத்தினார். எடுத்தார். "நல்லாருக்கேன்."

"அப்பச் சரி. அண்ணன் மாடியில எனக்கு ஒரு ரூம்பு போட்டுத் தர்றேன்னுருக்காக. நான் இனி இங்கனயே இருந்துக்கிறேன். நீங்க மூச்சு விட்டு நல்லாருந்தா அது போதும்."

அந்தோணி போனைப் பொத்தவும் மறந்து என்னைப் பார்த்தார். உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது.

பிள்ளைகளா, நீங்கள் படித்தவர்கள். இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கலாம். எனக்கு இருந்தது டாக்டரம்மாவின் பேச்சு மட்டும்தான். புருசனைப் பற்றிப் பொஞ்சாதியிடம் நாம் சொல்லக் கூடாது. போனை வாங்கினேன். "நான் சொல்லட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அப்ப நீங்க சொல்லுங்க." அவருக்குப் பேச்சு வரவில்லை.

நான் போனை என் காதுக்குக் கொண்டு போகவில்லை. அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். அவர் என் கையைத் தள்ளிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பத்துப் பூனைக்குட்டி உள்ளே கிடந்து கத்துகிற மாதிரி.   பிறகு மேரி குரல் வந்தது. அழுகை இல்லை, என்ன ஏது என்ற விசாரிப்பு இல்லை.

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீக?"

பெரிய ஆஸ்பத்திரி என்றேன். ஆட்டோ பிடித்து அவரைத் தாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். ஆவி பிடிக்கிற மாதிரி மூஞ்சியில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் உதட்டு நீலம் போய்ச் சிவப்பு திரும்பியது.

நடந்ததை டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.  "நீங்க எதையும் சொல்லலை பாய். சொல்லாமலும் விடலை. இது சரியா தப்பான்னு எனக்கும் தெரியலை" என்றார். பிறகு, "ஆனா அடுத்த தடவை, போனைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆட்டோவைக் கூப்பிடுங்க. உதடு நீலமானதுக்கு அப்புறம் எந்தப் பேச்சுக்கும் நேரம் இல்ல" என்றார். இதை மட்டும் நீங்கள் பச்சை குத்திக்கொள்ளுங்கள். மற்றது எல்லாம் பிறகு.

மேரி அன்றைக்கே வந்துவிட்டார். ஆனால் வார்டுக்குள் போகவில்லை. வாசலில் நின்றார். தண்ணிக் குழாயடியில் கையைக் கழுவிக் கழுவி விரல் சுருங்கிவிட்டது. தலைக்குத் துண்டு கட்டியிருந்தார். நர்ஸ் உள்ளே போகச் சொன்னால், "நான் பூக்காரிம்மா, இங்கன இருந்தே பார்த்துக்கிறேன்" என்பார். மறுநாளும் அப்படியே. அந்தோணி கட்டிலில் இருந்து கையைக் காட்டுவார். மேரி வாசலில் இருந்து தலையை ஆட்டுவார். பஸ் ரோடு மட்டும்தான் நடுவில் இல்லை.

டாக்டரம்மா லேபுக்குப் பேசி அந்த ரெண்டு ரத்தத்தின் முடிவை முன்னதாக வாங்கிக்கொண்டு நேரே வார்டுக்கு வந்தார். முதலில் அந்தோணியிடம், பிறகு மேரியிடம் தனித்தனியாகக் கேட்டார். உங்கள் ரத்தத்தின் முடிவை மற்றவர் காதுபடச் சொல்லலாமா என்று. ரெண்டு பேரும் சரி என்றதும் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னார்.

"அந்தோணி ரத்தத்துல மல்லிப் பூவுக்கு ஆன்டிபாடி கொஞ்சமும் இல்ல. தூசியில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கும் கரப்பானுக்கும்தான் இருக்கு. அவருக்கு மருந்து இருக்கு, தினமும் உறிஞ்சணும். பூவுக்கும் அவர் இளைப்புக்கும் சம்பந்தம் இல்ல."

மேரி தலையை ஆட்டினார். "நீங்க நல்லாருக்கணும்மா" என்றார். ஒரு அடி கூட உள்ளே எடுத்து வைக்கவில்லை.  அதே பதில். டெஸ்ட் வைத்த தம்பிக்குச் சொன்னதுதான், வேறு வார்த்தையில்.

டாக்டரம்மாவும் அதைக் கண்டுகொண்டார். அடுத்த காகிதத்தை எடுத்தார்.

"உங்க ரத்தத்துல இருக்கு மேரி. மல்லிக்கு ஆன்டிபாடி. நல்லாவே இருக்கு."

மேரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எனக்கா? அப்ப எனக்கும் இளைப்பு வருமா?"

"வரும்னு சொல்ல மாட்டேன். வரவே வராதுன்னும் சத்தியம் பண்ண மாட்டேன். பூவைத் தொட்டா அரிப்பு, தும்மல், மூச்சு முட்டுறது ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

"ஆன்டிபாடின்னா உடம்பு அதை அடையாளம் வச்சிருக்குன்னு அர்த்தம். அம்புட்டுத்தான். மார்க்கெட்ல எல்லாரையும் உங்களுக்கு அடையாளம் தெரியும்ல? தெரிஞ்ச எல்லாரோடயுமா சண்டை போடுறீங்க?"

மேரி யோசித்தார். "ரெண்டு பேரோட போடுவேன்."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் இருமி இருமிச் சிரித்தார்.

"அப்படித்தான் உடம்பும். அடையாளம் தெரிஞ்சும் சில உடம்பு சும்மா இருக்கு, சில உடம்பு சண்டை போடுது. ஏன்னு முழுசா எங்களுக்கே தெரியலை. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "மேரி, நான் ஆறுதல் சொல்ல வந்திருந்தா, அவருக்கு இல்லன்னு சொல்லிட்டு நிறுத்தியிருப்பேன். உங்களுக்கு இருக்குன்னு எதுக்குச் சொல்லப் போறேன்?"

அந்தப் பேச்சுதான் போய்த் தைத்தது. ஆறுதல் சொல்கிறவர் கேட்கிறவரைப் பயமுறுத்த மாட்டார் என்று மேரிக்குத் தெரியும். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "இம்புட்டு வருசம் கூட இருந்தும் எனக்கு ஒண்ணும் ஒட்டலையேடி" என்றார்.

"பேசாம இருங்க, மூச்சு வாங்கும்" என்று திட்டிக்கொண்டே மேரி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். தலைத் துண்டை அவிழ்த்தார். கையை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து டீ குடிக்கப் போய்விட்டேன். பெட்டியை வார்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன் என்பது டீக்கடையில்தான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு டாக்டரம்மா ஒரு கேள்வியை எங்களிடமிருந்து பிடுங்கிவிட்டார். யாரையும் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்கக் கூடாது. ராத்திரி தூக்கத்தில் எந்திரித்தீர்களா, படி ஏறும்போது எங்கே நின்றீர்கள், குழாயை எப்போது கடைசியாக உறிஞ்சினீர்கள், இப்படிக் கேட்க வேண்டும். நீங்களும் இப்படித்தான் கேட்கிறீர்கள். அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னேன்.

ஆனாலும் பழக்கம் விடுமா? கொஞ்ச நாள் கழித்து அந்தச் சந்துக்குப் போனேன். அந்தோணி வாசலில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன அந்தோணி, நல்லா இருக்கீகளா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். பதில் வீட்டுக்குள்ளிருந்து மேரி குரலில் வந்தது.

"ராத்திரி ஒரு தடவை எந்திரிச்சாரு பாய். டாக்டரம்மாவை எழுதிக்கச் சொல்லுங்க."